பெயர் வெட்டிய தூக்கு

சித்தூர்
ஜூன் 9

அன்புள்ள தம்பி கிஷோருக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். மாமாவுக்கு முதுகு வலி குறைந்திருக்கிறது. பஸ் சீட்டில் வைத்துக்கொள்ள ஒரு தலையணை தைத்துக் கொடுத்தேன். அதை இன்னொரு டிரைவர் இரவல் கேட்டாராம், கொடுத்தால் வீட்டுக்கு வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன் வீட்டு டீச்சரம்மா கீர்த்திக்கு ஸ்கூல் திறந்துவிட்டார்களா? அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உனக்குச் சொல்லிப் பயனில்லை.

தூக்கில் மாங்காய்ப் பருப்பு இருக்கிறது. மேல் தட்டில் இந்தக் கடிதம். சித்தூர் – திருப்பதி பஸ் ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு இந்த ஒரு வசதிதான். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மாமா கேட்கிறார். போனில் பேசினால் நீ 'ம்' கொட்டிக்கொண்டே எதையோ தட்டுகிற சத்தம் கேட்கிறது. கடிதம் என்றால் கையைச் சும்மா வைத்துக்கொண்டு படித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வார்டனாக இருக்கிற ஹாஸ்டலில் பிரியங்கா என்று ஒரு பெண். சத்தியவேடு பக்கத்துக் கிராமம், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் முடித்திருக்கிறாள். எங்கள் மெஸ்ஸில் சமையல் நாகபூஷணம் நீ எழுதிய 'பந்தி' சாஃப்ட்வேரைப் பார்த்துத்தான் அரிசி அளக்கிறார் என்று உனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று போட்டால் அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு என்று சொல்கிறதே, அதை இவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். இதை எழுதியது என் தம்பி, இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று ஒருநாள் சொன்னேன். "உள்ள பாக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் நான் செய்தது.

இப்போது, இப்படி இலவச சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இன்டர்ன் அனுப்புகிற ஒரு ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்கு அவளே விண்ணப்பம் போட்டு, அவர்கள் அவளை உன் பந்திக்கே இன்டர்னாகப் போட்டிருக்கிறார்கள். நீதான் மென்ட்டராம். மற்ற பிள்ளைகள் எங்கேயோ போய் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்து இன்டர்ன்ஷிப் முடிந்தது என்கிறார்கள். இவள் நிஜமாகவே வேலை செய்கிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று அந்த அமைப்பு வைக்கிற மதிப்பீடு இரண்டிலும் தேறினால்தான் காலேஜில் கணக்கில் சேரும். தவறினால் ஒரு வருஷம் போச்சு. நான் சிபாரிசு செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். வாய் அதிகம் பேசாத பெண் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

தூக்கை வெறுமையாக அனுப்பாதே.

அன்புடன்,
அக்கா பிரமிளா


திருச்சானூர்
ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியும் கீர்த்தியும் இங்கே குறைவில்லாமல் இருக்கிறோம். மாமா முதுகு சரியாகட்டும். தலையணை விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. மாங்காய்ப் பருப்பு ஒரே வேளையில் தீர்ந்துவிட்டது. கீர்த்தி செய்த வேர்க்கடலை உருண்டை தூக்கில் வருகிறது.

உன் பிரியங்காவோடு வீடியோவில் பேசினேன். முதல் பத்து நிமிஷம் அவள் கேமராவை விட்டத்துக்குத்தான் காட்டினாள். இந்த ஓப்பன் சோர்ஸ் உலகத்தில் யாரும் யாரையும் சார் என்று கூப்பிட வேண்டாம், கிஷோர் என்றே சொல் என்றேன். "சார்னு சொல்லலன்னா எனுக்கு வாயே வர்லியே சார்" என்றாள். அதன்பிறகு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. செய்தி எழுதும்போது வணக்கமும் இல்லை, பெயரும் இல்லை, நேராக விஷயம். தமிழில்தான் எழுதுகிறாள், ஆனால் தெலுங்கு எழுத்தில். நமக்குப் புத்தூரில் தமிழ் மீடியம் இருந்தது, அவள் ஊரில் இல்லை. எனக்குப் படிக்க ஒன்றும் கஷ்டமில்லை.

ஒரே ஒரு சிக்கல். இங்கே வேலை எல்லாம் பொதுவில் நடக்கும். ஒருவர் ஒரு மாற்றம் செய்தால் அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைப்பார். மற்றவர்கள் வரி வரியாகப் பார்த்து, இது தப்பு, அதை மாற்று என்று அங்கேயே எழுதுவார்கள். பெங்களூரில் ஹேமநாத் என்று ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷர், ஆனால் எழுத்தில் கொஞ்சம் கறார். அவர் யாரோ ஒருவருக்கு எழுதிய ரிவ்யூவைப் படித்துவிட்டு இந்தப் பெண் அதன்பிறகு ஒரு வரிகூட வெளியே வைக்கவில்லை. ஹாஸ்டலில் அவள் சரியாக இருக்கிறாளா என்று பார்த்து எழுது.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
கிஷோர்


சித்தூர்
ஜூன் 24

அன்புள்ள கிஷோருக்கு,

உன் கடிதமும் உருண்டையும் பத்திரமாக வந்தன. எண்ணிக்கையில் மாமா கை வைத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன். உடம்புக்கு எல்லோரும் நலம்.

பிரியங்காவைக் கேட்டேன். "தப்பு இருந்தா ஊரே பாக்குமே மேடம்" என்கிறாள். அவளைக் குறை சொல்லாதே. எங்கள் பிள்ளைகள் வகுப்பில் ஒரு தப்பு சொன்னால் கடைசி பெஞ்ச் வரை சிரிக்கும். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் வாயையே திறப்பதில்லை. உன்னுடைய ஹேமநாத் அவர்களுக்கு ஊர்ப் பெரிய மனுஷர் மாதிரித் தெரிகிறார்.

முதலில் உனக்கு மட்டும் மெயிலில் அனுப்பட்டுமா என்று கேட்கச் சொன்னாள். நீ பார்த்துச் சரி என்றால் நீயே சேர்த்துக்கொள்ளலாமாம். ஆரம்பத்துக்கு அப்படி விடேன். பச்சைத் தண்ணீரில் ஒரேயடியாகத் தள்ளாதே.

சாயந்திரம் அவள் படிப்பு ஹாலில் வேலை செய்யும்போது நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்கிறேன். வார்டன் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் சத்தம் போடமாட்டார்கள், அதற்குத்தான். அவள் திரையில் ஒரு எழுத்து மாற்றினால் கணக்கே மாறிப்போகிறது. வேடிக்கையாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், கேலி செய்யாதே. நீங்கள் 'பிராஞ்ச்' என்கிறீர்களே, அது அசலைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து அதில் ஆக்கிப் பார்ப்பதுதானே? உப்பு சரியாக இருந்தால் அசல் அண்டாவில் சேர்ப்பது. பிள்ளைகள் பேசிக்கொண்டதை வைத்துக் கேட்கிறேன்.

தூக்கில் புளியோதரை. கீர்த்திக்குத் தனியாகக் காரம் குறைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பிரமிளா


திருச்சானூர்
ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். புளியோதரையில் கீர்த்தி பங்கையும் நான்தான் சாப்பிட்டேன், அவள் உனக்குத் தனியாகப் புகார் எழுதுவாள். தூக்கில் நாவல் பழம், நசுங்காமல் வந்தால் மாமாவின் புண்ணியம்.

பிராஞ்ச் பற்றி நீ சொன்னது முழுக்கச் சரி. நான் காலேஜ் பிள்ளைகளுக்கு அதை விளக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

பிரியங்கா மெயிலில் அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். அதில் வந்ததைக் கேள். பந்தியில் முந்நூறு பேர் என்று போட்டால் அரிசி எவ்வளவு என்று சொல்லும். ஆனால் அதை எந்தப் பாத்திரத்தில், எத்தனை தடவையாக ஆக்குவது என்று சொல்லாது. எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அம்மா செல்லியம்மா கல்யாண வீடுகளில் சமையல் கோஷ்டியோடு வேலைக்குப் போகிறவராம். முதல்நாளே வாடகைப் பாத்திரக் கடையில் போய் அண்டா இத்தனை, தேக்சா இத்தனை என்று எடுத்து வர வேண்டும். ஒன்று குறைந்தால் முகூர்த்த நேரத்தில் ஓட வேண்டும். இவள் அதைப் பார்த்து வளர்ந்தவள். உன்னிடம் இருக்கிற பாத்திரங்களைச் சொன்னால், எதில் எவ்வளவு, எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது என்று பந்தியே சொல்லும்படி ஒரு பகுதியை எழுதியிருக்கிறாள்.

முதல் தடவை அனுப்பியதில் தப்புகள் இருந்தன. சொன்னேன், திருத்தினாள். மறுபடி சொன்னேன், மறுபடி திருத்தினாள். இப்போது சுத்தமாக இருக்கிறது. அவள் அனுப்ப அனுப்ப நான் ஓடவிட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது அக்கா. ஒரு வேலையைத் தனியாகவே இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு இன்னொரு தோள் கிடைத்த மாதிரி.

மாமாவிடம் பழத்துக்கு நன்றி சொன்னதாகச் சொல், கொண்டு வந்து சேர்த்திருந்தால்.

உன் தம்பி,
கிஷோர்


சித்தூர்
ஜூலை 12

அன்புள்ள கிஷோருக்கு,

நாவல் பழம் பாதி ஜாம் ஆகிவிட்டது. சர்க்கரை போட்டுச் சாப்பிட்டோம். மாமாவின் சட்டைப்பை ஊதாவாக இருந்தது, அதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. நலத்துக்குக் குறைவில்லை. எனக்குக் கண் கொஞ்சம் உறுத்துகிறது. டாக்டர் கண்ணாடி போடச் சொல்லிவிட்டார், அருகில் பார்க்கிற வேலை அதிகமா என்று கேட்டார். வார்டனுக்கு என்ன அருகில் பார்க்கிற வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாத்திரக் கணக்கு எங்கள் மெஸ்ஸுக்கு வந்துவிட்டது. நாகபூஷணம் முதலில் முறைத்தார். "எனுக்கே அண்டா கத்துக் குடுக்குதா இது?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அது சொன்னபடி இரண்டு தேக்சாவாகப் பிரித்துப் போட்டார். அடி பிடிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். அதன்பிறகு முறைப்பதில்லை. அந்தப் பெண் சாப்பிடாமல் ஓரமாக நின்று எல்லோருடைய தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சின்ன விஷயம். பண்டிகைக்கு எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டால் ஆட்கள் பூஜ்யம் என்று போடுகிறோம். அரிசி பூஜ்யம் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டு, ஒரு அண்டாவை மட்டும் அடுப்பில் ஏற்று என்கிறது. யாருமில்லாத வீட்டில் எதற்கு அண்டா? அவசரமில்லை. நீ தொடாதே, உனக்கு வேறு வேலை இருக்கும். சும்மா சொன்னேன்.

தூக்கில் முருங்கைக்கீரை வடை.

அன்புடன்,
பிரமிளா


திருச்சானூர்
ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. கண்ணாடியைத் தவறாமல் போட்டுக்கொள்.

பிரியங்காவின் நடு மதிப்பீட்டைச் செய்கிற அமைப்பில் ஒருங்கிணைப்பாளர் சபீனா என்று ஒருவர், ஹைதராபாத்தில் இருக்கிறார். நேற்று அவரிடமிருந்து மெயில். 'இந்த ஒன்றரை மாதத்தில் பந்தியில் நடந்த எல்லா வேலையும் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. இன்டர்ன் பெயரில் ஒரு வரி இல்லை. அவர் என்ன செய்தார்? நீங்கள் எழுதியதை அவர் எழுதியதாகச் சொல்கிறீர்களா?' என்று கேட்டிருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். எனக்குத்தான் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது, செய்தவர் பெயரும் மெயில் விலாசமும் அதோடு பதியும். அது செய்கிறவர் தாமே எழுதி வைப்பது. போய்ப் பார்த்தேன். பட்டியலில் பெயர் மட்டும்தான் காட்டும், பாத்திரக் கணக்கு முழுவதிலும் அது 'கிஷோர்' என்றே இருக்கிறது. அவள் அனுப்பும்போதே அப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். நான் ஒவ்வொரு வரியையும் பார்த்தேன், பெயரை மட்டும் பார்க்கவில்லை. ஆறு வருஷமாக அந்த இடத்தில் என் பெயரையே பார்த்துப் பழகிய கண், அதில் என்ன வித்தியாசம் தெரியும்?

ஆகஸ்ட் பதினைந்துக்குள் விளக்கம் வராவிட்டால் அவளைத் தேறவில்லை என்று எழுதிவிடுவார்கள். பிரியங்காவுக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. பழசு எல்லாவற்றையும் நானே திருத்தி எழுதிவிடலாம், ஆனால் பந்தியின் நகலை வைத்திருக்கிற எல்லா ஊர்க்காரர்களுக்கும் அது குளறுபடி ஆகும். என்னைப் பற்றிக் கவலையில்லை. அவள் வருஷம் போய்விடக் கூடாது. ஏன் இப்படிச் செய்தாள் என்று நீ பக்குவமாகக் கேட்டு விவரமாக எழுது. போனில் அவசரமாகச் சொல்லாதே, எனக்கு அவள் வார்த்தை அப்படியே வேண்டும்.

தூக்கில் திருப்பதி கொய்யா.

கிஷோர்


சித்தூர்
ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவும் நானும் நலம், உன் கடிதத்துக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போனது. ஆடிக் கிருத்திகைக்கு மாமாவைத் திருத்தணி ஸ்பெஷல் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். உன் தூக்கு டிப்போவில் தமிழரசு என்கிற டிரைவரின் பெட்டியில் தூங்கி, கொய்யா கனிந்து, கடிதம் ஈரமாகி வந்து சேர்ந்தது. நேற்றுதான் படித்தேன். இடையில் நீ போனில் கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லாததற்குக் காரணம், பிரியங்கா அப்போது ஊருக்குப் போயிருந்தாள். போனவள் திரும்புவாளோ என்று எனக்கே பயம். இன்றைக்குக் காலையில் வந்துவிட்டாள்.

மெஸ் பின்பக்கம் உட்கார வைத்துக் கேட்டேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கம்மா கல்யாண வூட்டுக்கு சமைக்கப் போய்க்கினு இருக்காங்க இல்ல மேடம். வாடகைப் பாத்திரம் ஒண்ணொண்ணுலயும் கடக்காரரு பேரு வெட்டியிருக்கும். எங்கம்மா எவ்ளோ நல்லா ஆக்கினாலும் அண்டாவுல கடக்காரரு பேருதான் இருக்கும். பேரு இருந்தாத்தான் அது தப்பாம அவரு வூட்டுக்கு வரும். பந்தி சாரோடது. நான் அதை எடுத்தாந்து அதுல கொஞ்சம் ஆக்கினேன். திருப்பிக் குடுக்கும்போது வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாதுன்னு ஆக்கிக் குடுத்தேன். பாத்திரம் அவருது, பேரும் அவருதுதானே இருக்கணும்? என் பேர நான் எப்படி வெட்டறது?"

நம் வீட்டிலும் அப்படித்தானே. உன்னிடம் வந்து போகிற இந்தத் தூக்கில் 'பு. கன்னையா' என்று நம்மைப் பெற்ற நைனா பேர் இருக்கிறது. அதில் நான் எத்தனை வருஷம் ஆக்கி அனுப்பினாலும் அது நைனா தூக்குதான்.

சரி, இவ்வளவு தூரம் யோசித்தவள் மெயில் விலாசத்தையும் சாருடையதாகவே போட்டாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது மட்டும் என்னுது மேடம். தப்பு கிப்பு இருந்து யாருனா திட்டி எழுதனா அவருக்குப் போயி சேரக் கூடாதில்ல. திட்டு எனுக்கு வரட்டும்னு."

சொல்லிவிட்டு அழுதாள். சாருக்கே கெட்ட பேர் வந்துவிட்டதே என்றுதான் அழுகை. வருஷம் போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கொஞ்சம் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

அந்த விலாசம் ஏதாவது உதவுமா பார். எனக்கு உதவும் என்று தோன்றுகிறது.

கீர்த்திக்கு என் அன்பு. தூக்கில் ஒன்றும் பெரிதாக இல்லை, தயிர்சாதம்தான். இன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

பிரமிளா


திருச்சானூர்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், இந்தத் தடவை நிஜமாகவே. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபம் வேண்டாம், முடிவு தெரிந்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நல்ல பேர் எனக்கு, திட்டு அவளுக்கு என்று எனக்காக இதுவரை யாரும் பங்கு பிரித்ததில்லை. கீர்த்தி வந்து என்னாச்சு என்று கேட்டாள், கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

விலாசம் உதவியது. பழசைத் திருத்தி எழுத வேண்டிய அவசியமே இல்லை. பந்தியில் ஒரு சின்னக் கோப்பு வைத்து, 'இந்த மெயில் விலாசத்திலிருந்து வந்த வேலை எல்லாம் இன்னாருடையது' என்று ஒரு வரி எழுதினால் போதும். எல்லா ஊர் நகலிலும் பெயர் தானே சரியாகக் காட்டும். அந்த வரியை நான் எழுதவில்லை. பிரியங்கா எழுத வேண்டும், மெயிலில் இல்லை, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அடுத்த இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

மூன்றாம் நாள் வைத்தாள். தன் பெயரும் தன் விலாசமும். கீழே, பெயரை ஏன் மாற்றிப் போட்டேன் என்று பாத்திரக் கதையையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஆங்கிலம் இடறியது, விஷயம் இடறவில்லை.

சபீனா அங்கேயே கேள்வி கேட்டார். அரிசியைப் பிரிக்கிறாய், சாம்பாரை ஏன் பிரிக்கவில்லை? அண்டா நிறைய அரிசி போட்டால் அடி குழைந்து மேலே வேகாது, சாம்பார் கொதித்துப் புரளும், அதற்கு ஒரே அண்டா போதும் என்று எழுதினாள். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. நடுவில் ஹேமநாத் புகுந்து, பாதி நிரம்பிய பாத்திரத்துக்கு உன் கணக்கு தப்பு என்றார். 'ஆமாம், தப்பு என்னுடையது. சாயந்திரத்துக்குள் திருத்துகிறேன்' என்று எழுதினாள். உலகமே பார்க்கிற இடத்தில். திருத்தவும் செய்தாள். ஹேமநாத் 'நல்ல வேலை' என்று ஒரு வரி போட்டார். அவரிடமிருந்து எனக்கே இதுவரை அது கிடைத்ததில்லை.

நடு மதிப்பீட்டில் தேறிவிட்டாள். அவளுக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் என் கையால் எழுத ஆசை.

தூக்கில் மைசூர்பாகு, கடையில் வாங்கியதுதான்.

உன் தம்பி,
கிஷோர்


சித்தூர்
செப்டம்பர் 17

அன்புள்ள கிஷோருக்கு,

உன்னையும் கீர்த்தியையும் விநாயகர் நல்லபடி வைக்கட்டும். மாமா காணிப்பாக்கம் பிள்ளையார் உற்சவ ஸ்பெஷல் பஸ்ஸிலேயே இருந்ததால் உனக்கு இத்தனை நாள் தூக்கும் இல்லை, கடிதமும் இல்லை. எனக்கும் சாயந்திரத்தில் கொஞ்சம் வேலை இருந்தது. கண்ணாடி பழகிவிட்டது.

உற்சவத்துக்கு வந்த பிரியங்காவின் அப்பா கங்கையாவும் அம்மாவும் அப்படியே ஹாஸ்டலுக்கு வந்தார்கள். செல்லியம்மா ஒரு குண்டான் நிறையக் கொழுக்கட்டை கொண்டு வந்திருந்தார். பிரியங்கா போனில் தன் பெயர் இருக்கிற இடத்தைக் காட்டினாள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது தேயாம இருக்குமா?" என்று கேட்டார். "தேயாதும்மா" என்றாள் மகள். "அப்டின்னா சரி" என்றார். கங்கையா மாமாவிடம் போய், சத்தியவேட்டுக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று இரண்டு தடவை கேட்டார். சந்தோஷம் வந்தால் சில பேருக்கு பஸ் நேரம்தான் கேட்க வரும்.

அவர்கள் போனபிறகு செல்லியம்மாவின் குண்டானைக் கழுவி வைத்தேன். வைக்கும்போது என் அலமாரியைப் பார்த்தேன். பாதியில் நைனா பேர், பாதியில் மாமனார் பேர். ஒரு தவலையில் யாரோ தெரியாத ஒருவர் பேர், எந்தக் கல்யாணத்தில் மாறி வந்ததோ. என் பேர் ஒன்றிலும் இல்லை. வருத்தமாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது, சொன்னேன்.

தூக்கில் கொழுக்கட்டை. செல்லியம்மா செய்தது, நான் செய்தது என்று நினைத்துப் பாராட்டாதே.

அன்புடன்,
பிரமிளா


திருச்சானூர்
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கீர்த்தியும் நலம். மாமாவின் உடம்பும் நலமாகத்தான் இருக்க வேண்டும், தூக்கைத் திருப்பித் தரவில்லை என்று ஒவ்வொரு டிரிப்பிலும் என்னைத் திட்டுகிற தெம்பு அவருக்கு இருக்கிறது. "உங்கக்கா துன்ன வெக்கறதுக்கு வூட்ல வேற தூக்கே இல்லாத மாதிரி எங்கிட்ட சண்ட போடுது" என்றார். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரியங்கா கடைசி மதிப்பீட்டிலும் தேறிவிட்டாள். சபீனா காலேஜுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். இனி வருஷத்தைப் பற்றிப் பயமில்லை. பாத்திரக் கணக்குப் பகுதியை இனி அவளே பார்த்துக்கொள்வாள் என்று ஒப்படைத்துவிட்டேன். அதில் யார் என்ன மாற்றம் கொண்டு வந்தாலும் ரிவ்யூ அவளுடையது.

போன வாரம் அப்படி ஒன்று வந்தது. ஆட்கள் பூஜ்யம் என்று போட்டால் அண்டாவை ஏற்றச் சொல்கிற தப்புக்குத் திருத்தம். மூன்றே வரி. நான் பார்ப்பதற்குள் பிரியங்கா பார்த்து, பொதுவிலேயே திருப்பி அனுப்பியிருந்தாள். 'திருத்தம் சரி. ஆனா இதுக்குச் சோதனை எழுதல. எழுதிட்டு அனுப்புங்க.' எழுதி வந்தது. மறுபடியும் திருப்பிவிட்டாள். 'ஒரு ஆள்னு போட்டா என்ன ஆகுதுன்னும் சோதிச்சுப் பாருங்க.' எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தைகள். யார் இந்தப் புது ஆள், பாவம் என்று பெயரைப் பார்த்தேன். இந்தத் தடவை பெயரைப் பார்த்தேன் அக்கா.

ஊர் இல்லை, இனிஷியல் இல்லை. வெறும் 'பிரமிளா'. விலாசமும் உன்னுடையது.

பிராஞ்ச், கண்ணாடி, படிப்பு ஹால், சாயந்திர வேலை, நீ தொடாதே என்று சொன்ன அந்த அண்டா, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. உன் கடிதங்களைக் கையைச் சும்மா வைத்துக்கொண்டுதான் படித்தேன். அப்படியும் எனக்குத் தெரியவில்லை. கீர்த்திக்கு ஆகஸ்டிலேயே தெரியுமாம்.

இன்று காலையில் பிரியங்கா உன் திருத்தத்தைச் சேர்த்துவிட்டாள். பந்தியில் வேலை செய்தவர்கள் வரிசையில் அவள் பெயருக்குக் கீழே உன் பெயர் இருக்கிறது. செல்லியம்மா கேட்டார் என்று எழுதியிருந்தாயே, அது உனக்கும்தான். தேயாது.

தூக்கு மாமாவிடம் வருகிறது. உள்ளே பலகாரம் எதுவும் இல்லை, வெறும் தூக்குதான். கோபித்துக்கொள்ளாதே. கோவிந்தராஜர் கோயில் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடையில் ஒரு வாரம் கிடந்துவிட்டு வருகிறது. நைனா பேருக்குக் கீழே பார்.

உன் தம்பி,
கிஷோர்